வலக்கைச் சுருக்குப்பை

அன்று மாலை அக்கா கொட்டகையில் உட்கார்ந்து ஜிச்சோ வேரைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். ஜிச்சோவைத் தண்ணீரில் போடக் கூடாது. ஊதாச் சாயமெல்லாம் வேரின் தோலில் இருக்கிறது, கழுவினால் போய்விடும். இடுக்கில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டி எடுத்து, சோஜு சாராயம் தெளித்து, துணியால் ஒற்ற வேண்டும். கத்தி வைத்தால் தோல் உரிந்துவிடும். பிரஷ் இடுக்குக்குள் போகாது. நகம்தான் கருவி. அதனால் எங்கள் பக்கத்துப் பெண்களுக்குக் கட்டைவிரல் நகம் எப்போதும் ஊதாவாக, சிலருக்குக் கறுப்பாகவே இருக்கும். ஜிந்தோ தீவில் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

அக்காவுக்கு எதிரே ஹேனாம்காரி உட்கார்ந்து வேரின் நுனிகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். ஹேனாமிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. இன்னமும் அவளுக்கு அதுதான் பெயர். இருவருக்கும் நடுவில் சுட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஒரு தட்டில் ஆறிக்கொண்டிருந்தது. கை அழுக்காக இருந்ததால் அக்கா குனிந்து வாயாலேயே கடித்து எடுத்தாள்.

"நாயும் இப்படித்தான் தின்னும்" என்றாள் ஹேனாம்காரி.

"நாய் உன்ன மாதிரி பேசிக்கிட்டே தின்னாது."

"ஏ புள்ளி, இன்னும் ரெண்டு வாரத்துல உன்னப் போட்டோ எடுக்கக் கூப்பிட்டிருக்காங்கல்ல? இன்னியோட வேரத் தொடுறத நிறுத்தணும்னு அந்தக் கேமராப் பொண்ணு சொல்லியிருக்காளே."

"இன்னிக்கு முடியலையே இன்னும். மிச்சத்த அவ அப்பன் வந்து சுரண்டுவானா?"

அக்காவின் பெயர் ஜொம்நே. 'ஜொம்' என்றால் புள்ளி. காதுக்குப் பின்னால் மச்சத்தோடு பிறந்தவள் என்பதால் அப்பா அப்படி வைத்தார். அந்தக் காலத்தில் ஊருக்கு நாலு ஜொம்நே இருப்பார்கள்.

வேலை முடிந்ததும் அரிசி கழுவிய தண்ணீரில் வினிகர் ஊற்றிக் கைகளைத் தேய்த்தாள். உள்ளங்கை வெளுத்தது, விரல் இடுக்கு வெளுத்தது, மற்ற நகங்களும் ஓரளவு வெளுத்தன. வலது கட்டைவிரல் நகத்தில் மட்டும், அடியிலிருந்து நுனிவரை, பென்சிலால் இழுத்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு அப்படியே நின்றது.

"இதென்னடி, உள்ளேயே ஏறிப்போச்சா?" என்றாள் ஹேனாம்காரி.

"இத்தன வருஷமாச் சுரண்டுறேன், ஏறாம என்ன செய்யும்? பேரே புள்ளி. ஒண்ணு கூடினா என்ன, குறைஞ்சா என்ன."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த நானும் சேர்ந்து மூவரும் சிரித்தோம். பிறகு அக்கா எனக்கு முள்ளங்கிக் கிம்ச்சி ஒரு டப்பா கட்டிக் கொடுத்தாள். மூடி சரியாக மூடாது, சாயாமல் பிடித்துப் போ என்றாள். அந்த நகம் வெறும் நகமாக இருந்தது அன்றோடு சரி.

*

ஆய்வு நிலையத்துக்காரர்கள் முதலில் எங்கள் ஊருக்கு வந்தது வேருக்காகத்தான். நிலையம் மோக்போ நகரத்துக்கு வெளியே, கண்ணாடி வைத்த கட்டடம். வேரிலிருந்து சாயத்தைப் பிரித்து முகக்களிம்பு செய்யப் பார்த்தார்கள். அறுவடை நாளில் எடை போடும் இடத்துக்கு வந்த இயக்குநர் பியோன், வேரை விட்டுவிட்டுப் பெண்களின் கைகளைப் பார்த்தார்.

வயதானால் தோலில் வரும் கரும்புள்ளியை எங்கள் பேச்சில் மறுஉலகப் பூ என்போம். வெங்காய வயலிலும் கடற்பாசி காயவைப்பதிலும் வெயிலைத் தின்ற எங்கள் பெண்களுக்கு முகமெல்லாம் அந்தப் பூ. ஆனால் வேர் சுரண்டுகிறவர்களின் புறங்கையில் பூ இல்லை. எங்களுக்கு அது பழகிப்போயிருந்தது. பியோனுக்கு அது புதையல்.

ஊர் மன்றத்தில் திரை கட்டிப் படம் காட்டினார். வேரில் உள்ள பொருள் தோலின் எரிச்சலை அடக்குகிறது. எரிச்சல் அடங்கினால் கருமையை உண்டாக்கும் செல்களும் அடங்குகின்றன. தோல் மூப்படைவது தள்ளிப்போகிறது. இதை நிரூபிக்க உங்கள் கைகள் வேண்டும் என்றார். வலக்கைக்கு வேர்க்களிம்பு, இடக்கைக்கு வெறும் களிம்பு. ஒவ்வொரு தடவையும் படமெடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே வேரைத் தொடக் கூடாது, தொட்டால் சாயம் கணக்கைக் கெடுக்கும். சாயம் உடம்புக்குள் எவ்வளவு போகிறது என்று பார்க்க நகமும் வெட்டித் தரவேண்டும்.

"வேரத் தொட்டுத்தான் எங்க கை நல்லாருக்கு. தொடாதேன்னுட்டு அதையே டப்பாவுல போட்டுத் தர்றீங்களா?" என்றாள் ஹேனாம்காரி.

மன்றம் சிரித்தது. பியோனும் சிரித்தார். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஏழு பெண்கள் கையெழுத்துப் போட்டார்கள். அக்காவும் ஹேனாம்காரியும் அதில் உண்டு.

கிம்ச்சி கொடுத்த அந்த மாலைக்குப் பிறகு, மூன்றாம் தடவையாகப் படமெடுத்துவிட்டு வந்த அக்கா என் வீட்டுக்கு வந்து அந்த டப்பாவைத் திருப்பி வாங்கிக்கொண்டாள். அப்போது சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"என் கட்டைவிரலுக்கு முக்காடு போட்டுட்டாங்கடி."

"என்ன முக்காடு?"

"வெள்ள டேப்பு. நகத்து மேல ஒட்டிட்டுத்தான் போட்டோ எடுத்தா. கறுப்பா ஒண்ணு இருந்தா கம்ப்யூட்டர் கணக்கு தப்பாயிருதாம்."

"அது என்ன கறுப்புன்னு கேக்கலையா?"

"கேட்டாளே. வேர்ச் சாயம்னேன். 'இந்தத் தடவ ரெண்டு வாரமாத் தொடலைன்னீங்களே அம்மா, மத்த நகமெல்லாம் வெளுத்திருச்சே'ன்னா. நகத்தையே பாத்துக்கிட்டு நின்னா. அப்புறம் உள்ள போயிட்டு வந்து டேப்ப ஒட்டிட்டா."

இந்தப் பேச்சை நான் எத்தனையோ தடவை திரும்ப நினைத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்த 'உள்ள போயிட்டு வந்து' என்ற இடத்தில் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. தெரியாமல் ஒட்டவில்லை. உள்ளே போய், யாரிடமோ கேட்டு, திரும்பி வந்து ஒட்டினார்கள். அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கும் மேல், போகும்போதெல்லாம் ஒட்டினார்கள்.

*

கோடு பட்டையானது. பட்டை நகத்தைத் தாண்டித் தோலில் இறங்கியது. அடுத்த வருஷத்து வேர் வந்தபோது நகம் நடுவில் பிளந்து ரத்தம் கசிந்தது. வேர் குத்தியிருக்கும் என்று அக்கா ஜிச்சோக் களிம்பையே அதன்மேல் போட்டுக் கட்டினாள். புண்ணுக்கு எங்கள் வீடுகளில் அதுதான் மருந்து. ஆறவில்லை. அத்தான் அவளைக் குவாங்ஜுவுக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார், நானும் கூடப் போனேன்.

அத்தான் பெயர் கில்மான். பேச்சு குறைவு. பம்பு செட்டோடு பேசுவார், மனிதர்களோடு தலையாட்டுவார் என்று அக்கா சொல்வாள். அந்த மனிதர் டாக்டர் முன்னால் உட்கார்ந்து, "எப்பலேர்ந்து இருக்கு?" என்ற கேள்விக்குப் பதில் தெரியாமல் என்னைப் பார்த்தார். எனக்குப் போட்டோ நினைவு வந்தது. மோக்போவிலிருந்து பிரதி வாங்கி வந்தோம். டாக்டர் மேசைமேல் ஒவ்வொன்றாகப் பரப்பினார். அக்காவின் புறங்கை, பூ இல்லாத கை, மழுமழுவென்று. முதல் இரண்டு படங்களில் நகத்தில் மெல்லிய கோடு; அதற்குப் பிறகு எல்லாப் படத்திலும் கட்டைவிரலில் வெள்ளை டேப்.

டாக்டர் டேப் தெரிந்த படங்களைத் தனியே எடுத்து அடுக்கினார். பிறகு, நம் நாட்டு ஆட்களுக்கு மெலனோமா என்னும் கறுப்புத் தோல் புற்று வெயில் படும் இடத்தில் வருவதைவிட நகத்தடியிலும் உள்ளங்காலிலும்தான் அதிகம் வரும் என்றார். கோடு மெலிதாக இருந்தபோதே வந்திருந்தால் விரலோடு போயிருக்கும் என்றார்.

விரலை எடுத்தார்கள். அதற்குள் அக்குளில் கட்டி வந்துவிட்டது.

கட்டுப் போட்ட கையோடு வீட்டுக்கு வந்த அன்று அக்கா கொட்டகைக்குப் போய் ஒரு வேரை எடுத்து ஆள்காட்டி விரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வேர் வழுக்கி வழுக்கிப் போனது. "பிடிக்கிறதுக்கே கட்டைவிரல் வேணுங்கிறது இப்பத்தான் தெரியுது" என்று சொல்லி வேரைக் கூடையில் போட்டாள். அடுத்த அறுவடையை அவள் பார்க்கவில்லை.

*

எங்கள் பக்கத்தில் சவத்தைக் குளிப்பாட்டி உடுத்தும்போது ஐந்து சின்னச் சுருக்குப்பை தைத்து வைப்பார்கள். ஒன்றில் தலைவாரி விழுந்த முடி. மற்ற நான்கில் இரண்டு கை, இரண்டு கால் நகங்கள். பெற்றவர்கள் கொடுத்த உடம்பைக் குறையில்லாமல் அவர்களிடம் திருப்பிக் கொண்டுபோக வேண்டும் என்பது கணக்கு. நகரத்தில் இப்போது வெறும் பையைப் போட்டு மூடிவிடுகிறார்கள். ஜிந்தோவில் இன்னும் வெட்டிப் போடுகிறோம்.

அக்கா இறந்த இரண்டாம் நாள் காலை, சவத்தை உடுத்துகிறவர் அவள் நகங்களை வெட்டினார். எந்தப் பை எது என்று நான்தான் மையால் எழுதியிருந்தேன். அவர் வலக்கைப் பையைப் பிடித்துக்கொண்டு அத்தானைப் பார்த்தார்.

"நாலுதான் இருக்கு."

"தெரியும்" என்றார் அத்தான்.

"விரல ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கலையா?"

"கேட்டேன். சோதனைக்கு அறுத்து அறுத்தே தீந்துபோச்சுன்னுட்டாங்க."

உடுத்துகிறவர் தலையை ஆட்டினார். பையின் வாயை இழுக்கப் போனார். அத்தான் அவர் கையைப் பிடித்தார்.

"கட்டாதீங்க. அவ கட்டைவிரல் நகம் மோக்போவுல இருக்கு."

பெட்டி மூடுவதற்கு மூன்று மணி என்று பேச்சு. அக்காவின் மகன் உல்சான் நகரத்துக் கப்பல் தளத்திலிருந்து வந்து, துக்கத்துக்குரிய சணல் தொப்பியோடு வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். அவனிடம் சொல்லிவிட்டு நானும் அத்தானும் லாரியில் கிளம்பினோம். அவர் துக்க உடுப்பைக்கூட மாற்றவில்லை.  தீவுப் பாலத்தைத் தாண்டியதும், "அவங்களுக்குக் குடுக்க நகம் வெட்டும்போது நான் பாத்தேன்" என்றார். "கட்டைவிரல் நகத்தத் தனியாக் காட்டினா. பாரு, என்னைய விட இதுக்குத்தான் மரியாதைன்னா. சிரிச்சா."

*

பியோன் எழுந்து நின்று வரவேற்றார். இடுப்பு மடங்கக் குனிந்தார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. மலர்வளையம் அனுப்பியிருந்தோம்…"

"வந்துச்சு. உங்க நிலையத்துப் பேர் பெருசா எழுதியிருந்துச்சு" என்றார் அத்தான். "என் பொண்டாட்டி நகத்தக் குடுங்க."

பியோனுக்குப் புரியவில்லை. நான் சுருக்குப்பை விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு அந்த வழக்கம் தெரியும். அவர் அம்மாவுக்கும் செய்ததாகச் சொன்னார். பிறகு கைகளைக் கோத்துக்கொண்டார்.

"எடுத்த சாம்பிளெல்லாம் ஆய்வுக்குச் சொந்தம்மா. அவங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதுல பேர் கிடையாது, எண்தான். திருப்பித் தர்றதுக்கு விதி இல்ல."

"எங்ககிட்டயும் ஒரு விதி இருக்கு. மூணு மணிக்குப் பெட்டிய மூடணும்" என்றார் அத்தான்.

"அந்த டேப்ப யார் ஒட்டச் சொன்னது?" என்றேன் நான்.

பியோன் என்னைப் பார்த்தார். கதவோரம் கேமராப் பெண் வூ தாஉன் நின்றுகொண்டிருந்தாள். முப்பது வயதிருக்கும். அக்கா அவளுக்கு ஒரு தடவை காய்ந்த கடற்பாசி ஒரு கட்டு கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

"அம்மா, நாங்க டாக்டர் இல்ல. நிறத்த அளக்குறோம், அவ்வளவுதான். நோய் இருக்குன்னு சொல்ற உரிமை எங்களுக்குக் கிடையாது" என்றார் பியோன்.

"ரோட்டுல போறவன் சட்டையில தீ பிடிச்சா, சொல்றதுக்கு உரிமை வாங்கிட்டு வரணுமா?" என்றார் அத்தான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டது அன்றுதான். வெளியே நடந்துகொண்டிருந்தவர்கள் கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது சாயம்னு அவங்களே சொன்னாங்க. தவிர, நகம் அளவெடுக்குற பகுதிக்கு வெளிய இருந்த விஷயம்…"

"உங்களுக்கு வெளிய. அவளுக்கு அது கையில இருந்துச்சு."

"ஐயா, நான் சொன்னேன்" என்றாள் வூ தாஉன்.

"மிஸ் வூ" என்று பியோன் குறுக்கிட்டார்.

"சாயம் மாதிரி தெரியல, மூணாம் தடவ அகலமாயிருக்குன்னு சொன்னேன். இவங்கள ஆய்வுலேர்ந்து எடுத்துரலாமா, ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லலாமான்னு கேட்டேன்." அவள் எங்களைப் பார்க்கவில்லை. தன் செருப்பைப் பார்த்துப் பேசினாள். "ஏழு பேர்ல அவங்க கைதான் நல்லா முடிவு காட்டுச்சு. எடுத்துட்டா ஒண்ணுமே நிக்காது. டேப் ஒட்டுன்னாங்க. ஒட்டினேன்."

 பியோன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இதையெல்லாம் வேறொரு நாள் உட்கார்ந்து பேசலாம் என்பதுபோல் ஏதோ.

"ஒட்டினது நீ. உனக்கு வாய் இருந்துச்சு" என்று நான் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். "எங்க அக்காகிட்டச் சொல்ல யார் அனுமதி வேணும்? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே போனியே ஒரு நாள், குடை பிடிச்சுக்கிட்டு. அப்பச் சொல்லியிருக்கலாமே."

அவள் அழுதாள். எனக்கு இரக்கம் வரவில்லை. இப்போது எழுதும்போதும் வரவில்லை.

அவள் உள்ளே போனாள். இந்தத் தடவை திரும்பி வரும்போது கையில் விரல் நீளக் கண்ணாடிக் குப்பி இருந்தது. பியோன் தடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அத்தான் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். உள்ளே நகம் இல்லை. ஊதாப் பொடி, குப்பியில் கால்வாசி.

"அரைச்சுட்டோம்" என்றாள் அவள். "ஒருத்தர் நகம் அளவுக்குப் பத்தல. அதனால ஏழு பேரோட வலக்கை நகத்தையும் சேர்த்து…"

"இதுல எது அவ?" என்று கேட்டார் அத்தான்.

கோபமாகக் கேட்கவில்லை. கடையில் எது புது அரிசி என்று கேட்பதுபோலக் கேட்டார். 

*

துக்க மண்டபத்தில் மிச்சம் ஆறு பேரும் இருந்தார்கள். வந்தவர்களுக்குக் கார மாட்டிறைச்சிச் சூப்பும் புளிக்கவைத்த திருக்கை மீனும் வைத்துவிட்டு, உள்ளறையில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். அத்தான் குப்பியை அவர்கள் நடுவில் தரையில் வைத்து நடந்ததைச் சொன்னார்.

உயிரோடிருப்பவர் உடம்பில் முளைத்தது பெட்டிக்குள் போகக் கூடாது, போனால் அவரையும் பின்னாலேயே இழுத்துக்கொள்ளும். இது எல்லோருக்கும் தெரியும். அத்தான் அதைச் சொல்லவில்லை. "என்ன செய்யட்டும்?" என்று மட்டும் கேட்டார்.

"அரைச்சானா?" என்றாள் ஹேனாம்காரி. "மிளகா அரைக்கிற மாதிரி எங்கள அரைச்சு வெச்சிருந்தானா?" குப்பியை எடுத்துக் குலுக்கிப் பார்த்தாள். "போடு கில்மான். என் நகந்தானே. புள்ளி தனியாப் போறதுக்கு நானும் கொஞ்சம் போறேன். இங்க எனக்கு என்ன, மாப்பிள்ளையா பாத்துக்கிட்டிருக்காங்க?"

ஒருத்தி சிரித்தாள், பிறகு அழுதாள். போடு என்று தலையசைத்தாள். அடுத்தவளும், அதற்கடுத்தவளும். சுற்றிவந்து, வாண்டோவிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த வாண்டோக்காரியிடம் நின்றது. அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"என் மருமவ மாசமா இருக்கா" என்றாள். "இந்த வாரமோ அடுத்த வாரமோ. எனக்குப் பயமா இருக்கு கில்மான். வேண்டாம்."

"உனக்கு மட்டும் உசிரு வெல்லமா?" என்று ஹேனாம்காரி பாய்ந்தாள். "அவ ஒவ்வொரு வருஷமும் உன் வேரையும் சேத்துச் சுரண்டிக் குடுத்தாளே, அப்ப இனிச்சுதா?"

"ஏசாதே" என்றார் அத்தான்.

"இல்ல, நான் கேக்குறேன்…"

"கேக்காத. அவ வேண்டாம்னுட்டா. அவ்வளவுதான்."

குப்பியை எடுத்துத் துக்க உடுப்பின் மடிப்பில் செருகிக்கொண்டார். வாண்டோக்காரி அவர் முழங்காலைத் தொட்டுக் குனிந்தாள். அவர் அவள் முதுகில் ஒரு தரம் தட்டினார், மாட்டைத் தட்டுவதுபோல.

உடுத்துகிறவர் மணி பார்த்தார். வலக்கைச் சுருக்குப்பையின் வாயை இழுத்துக் கட்டினார். நாலு நகத்தோடு அது அக்காவின் வலப்பக்கம் போனது. எங்கள் அம்மா அங்கே பையைப் பிரித்துப் பார்த்து என்ன கேட்பாள், அக்கா என்ன சொல்வாள் என்று நினைத்தேன். வேர்ச் சாயம்மா என்று சிரித்து மழுப்புவாள்.

*

ஆய்வு முடிவை அச்சிட்டார்கள். தபால் நிலையத்தில் கவுண்ட்டரில் உட்கார்ந்து எழுத்தோடு பழகிய எனக்கும் அதில் பாதி புரியவில்லை. அகராதி வைத்துப் படித்தேன். வலக்கையில் கருமை குறைந்தது, எரிச்சல் குறைந்தது, சுருக்கம் தள்ளிப்போனது. கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: பங்கேற்றவர்களில் ஒருவர் சொந்தக் காரணத்தால் விலகிக்கொண்டார்.

அத்தானும் நானும் மனு மேல் மனு போட்டோம். ஒரு நாள் அதிகாரிகள் எங்களை ஒரு மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, ஆய்வு விதிகள் எதுவும் மீறப்படவில்லை என்றார்கள். அது உண்மைதான். நகத்தைப் பற்றி அவர்கள் விதியில் ஒன்றுமே இல்லை. களிம்பு கடைக்கு வந்துவிட்டது. வூ தாஉன் வேலையை விட்டுவிட்டதாகக் கேள்வி. வாண்டோக்காரிக்குப் பேத்தி பிறந்தாள். நல்ல சத்தமான பிள்ளை. பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் கடற்பாசிச் சூப்பை ஹேனாம்காரிதான் முதலில் வைத்துக்கொண்டு போனாள்.

வேர் சீசனில் இப்போது அத்தானே உட்கார்ந்து சுரண்டுகிறார். அவர் நகம் மொண்ணை, பாதி மண் இடுக்கிலேயே நிற்கிறது. வேலை ஆரம்பிக்கும் முன் எல்லாப் பெண்களும் அரிசித் தண்ணீரில் கை கழுவிக் கட்டைவிரலை ஜன்னல் வெளிச்சத்தில் ஒருவருக்கொருவர் காட்டிக்கொள்கிறார்கள். யாரும் சொல்லி ஆரம்பித்ததல்ல.

குப்பி கொட்டகைப் பலகையில், சோஜு பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதை எங்கே வைப்பது என்று யாருக்கும் தெரியாததால் அங்கேயே இருக்கிறது. மூடியில் அவர்கள் ஒட்டிய சீட்டில் எழுத்து அழியவில்லை: வலக்கை, ஏழு பேர்.